சொந்த ஊர் என்னும் கட்டம்

இல்லை நாயனா, கஞ்சம் ஜில்லாக் காகிதக் கட்டுங்களை அவங்க எடுத்துட்டுப் போனது முப்பத்தாறுல, ஒரிசாவைத் தனியாப் பிரிச்சாங்களே அப்போ, நீ அரக்கோணத்துல கோலி ஆடிக்கிட்டு இருந்திருப்பே, என்று ஏணியின் நான்காம் படியில் நின்றபடி பெஞ்சலய்யா சொன்னார், அவர் கையிலிருந்த ஈரத்துணி மேல் வரிசையின் காலித்தட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை துடைத்துக்கொண்டே போயிற்று, கோலி ஆடுற வயசா சார், எனக்கு அப்பப் பதினெட்டு, டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணிட்டேன், என்றார் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த முனிரத்தினம், சரிடா பெரிய மனுஷா, பாஸ் பண்ணதெல்லாம் இருக்கட்டும், ஏணியை ஆட்டாதே, ரிடையராக இன்னும் மூணு மாசம் இருக்கு, நீ இன்னிக்கே அனுப்பி வெச்சுடாதே.

அன்று காலை ஹைதராபாத் ரயிலிலிருந்து இறங்கிய முனிரத்தினம் பெரம்பூரில் இருந்த வீட்டுக்குக்கூடப் போகாமல், சென்ட்ரல் ஸ்டேஷன் குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டு, கடலைப் பார்த்த அந்தச் சிவப்புக் கட்டடத்துக்கு நேராக வந்திருந்தார், பன்னிரண்டு வருஷம் அவர் குமாஸ்தாவாக உட்கார்ந்திருந்த அலுவலகம், மாகாணம் முழுவதையும் கவனித்துக்கொண்டிருந்த அலுவலகங்களில் ஒன்று, மாகாணமே இல்லாமல் போன பிறகும் அது மட்டும் அப்படியே நின்றது, உப்புக்காற்றில் ஜன்னல் கொக்கிகள் துருப்பிடித்து, பதிவறையில் அதே பழுப்புத் தாள் வாசனையோடு, அந்த அறைக்குத்தான் இப்போது பெஞ்சலய்யா பொறுப்பு, ஒரு காலத்தில் செக்‌ஷனில் முனிரத்தினத்துக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்திருந்த சீனியர் குமாஸ்தா, நெல்லூர்க்காரர், பிறந்தது வளர்ந்தது முத்தியால்பேட்டையில். ஒரு விஷயமா வந்தேன் சார், என்று முனிரத்தினம் வந்ததும் சொன்னார், ஏணியைப் பிடி முதல்ல, விஷயம் எங்க ஓடிப் போவுது, என்றார் அவர். சட்டைப்பையில், மெட்ராஸுக்கு மாற்றல் கேட்கும் விருப்பப் படிவம் நான்காக மடித்து இருந்தது, வெள்ளிக்கிழமை மாலைக்குள் அதை ஹைதராபாத்தில் கொடுத்தாக வேண்டும், இன்று செவ்வாய், நாளை சாயங்கால வண்டியில் திரும்பினால்தான் முடியும், படிவத்தோடு பெஞ்சலய்யா கையெழுத்திட்ட ஒரு காகிதமும் சேர வேண்டும், சேர்ந்தால் முனிரத்தினம் மனைவி சம்பூரணத்தோடும் மகள் குமுதாவோடும் பெரம்பூரில் இருக்கலாம், சேராவிட்டால் இன்னும் பதின்மூன்று வருஷம், ரிடையராகும்வரை, ஹைதராபாத்தில் ஓட்டல் சாப்பாடு. அவ்வளவுதான் விஷயம், ஒரு வாக்கியத்தில் கேட்டுவிடலாம், ரயிலில் இரண்டு ராத்திரியும் ஒரு பகலும் அந்த வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்தார், இப்போது ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

இது கஞ்சம், அது விசாகப்பட்டணம், அதுக்குப் பக்கத்துல கோதாவரி ரெண்டும், என்று பெஞ்சலய்யா காலித் தட்டுகளைத் துணியால் தொட்டுத் தொட்டுக் காட்டினார், ஒவ்வொரு தட்டின் விளிம்பிலும் பெயர் எழுதிய பித்தளைத் தகடு இன்னும் இருந்தது, கட்டுகள்தான் இல்லை, கீழ் வரிசையில் பல்லாரி, ஐம்பத்து மூன்றில் மைசூருக்குப் போனது, அடுத்தது மலபார், தென் கன்னடம், ஐம்பத்தாறில் போனவை, ஒரிசா பக்கத்துச் சில்கா ஏரியிலேர்ந்து திருநெல்வேலிவரைக்கும் ஒரே ரூம்ல இருந்தது நாயனா, கலெக்டர் யாராவது வந்து உன் பிரசிடென்சியைக் காட்டுன்னா இந்தக் கதவைத் தொறந்து காட்டினாப் போதும், இப்ப பாரு, பல்லு விழுந்த வாய் மாதிரி. இந்த இடத்தை எதுக்கு சார் துடைக்கிறீங்க, என்று கேட்டார் முனிரத்தினம், பதில் தெரிந்துதான் கேட்டார், உங்க ஊரு ஆந்திராவுலேர்ந்து மெட்ராஸுக்கு வருதே, ஏப்ரல் ஒண்ணாந்தேதி, திருத்தணி தாலுகா கட்டெல்லாம் ஹைதராபாத்துலேர்ந்து லாரியில வருதாம், வைக்க இடம் வேண்டாமா, என்று பெஞ்சலய்யா சொன்னார், உங்க ஊரு என்று அவர் சொன்னதில் வேறு ஏதாவது இருந்ததா என்று முனிரத்தினம் அண்ணாந்து பார்த்தார், துணி மட்டும்தான் தெரிந்தது.

திருத்தணி எந்தக் காலத்திலும் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை, அந்த மலை, அந்தப் படிகள், அடிவாரத்தில் அவருடைய தாய்மாமன் வீடு, எல்லாம் அங்கேயேதான் இருந்தன, ஆனால் அவர் அம்மா பிறந்தபோது அது வடஆற்காடு ஜில்லா, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றில் ஒரு ஏப்ரல் முதல் தேதி சித்தூர் என்று புது ஜில்லா ஒன்றை அமைத்து அதில் சேர்த்தார்கள், அவர் பிறந்தபோது அதே வீடு, அதே அறை, சித்தூர் ஜில்லா. அப்பாவுக்கு அரக்கோணம், ரயில்வேயில் பாயின்ட்ஸ்மேன், அப்பாவின் அப்பாவுக்கும் அரக்கோணம்தான், வீடும் நிலமும் குலதெய்வமும் அங்கேதான், அது வடஆற்காட்டிலேயே தங்கிவிட்டது, இரண்டுக்கும் நடுவில் எட்டு மைல், பாசஞ்சர் வண்டியில் உட்கார்ந்து ஒரு வெற்றிலையை மென்று முடிப்பதற்குள் அடுத்த ஊர் வந்துவிடும். தலைப்பிரசவம் என்று அம்மாவை ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டு அந்த எட்டு மைல் அழைத்துப் போனார்கள், எல்லார் வீட்டிலும் செய்கிற மாதிரி, பிள்ளை பிறந்த மூன்றாம் மாதம் அரக்கோணத்துக்கே திரும்பி வந்தாள், இடைப்பட்ட அந்தச் சில மாதங்கள் பின்னால் ஒரு ராஜ்யத்திலிருந்து இன்னொரு ராஜ்யத்துக்கு மகனைக் கொண்டுபோய் விடும் என்று யார் நினைத்தார்கள், ஜில்லா எல்லையில் வளைகாப்பு வளையல் குலுங்க ரயிலில் போன பெண்ணுக்கு எல்லை எங்கே தெரிந்திருக்கும்.

ஏணியிலிருந்து பெஞ்சலய்யா இறங்கினார், வேட்டியை உதறிக் கட்டினார், முன்னைவிட இளைத்திருந்தார், கழுத்துப் பட்டன் போட்ட பிறகும் காலருக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் நுழையும், வா, உக்காரு, குழந்தை குமுதா எப்படி இருக்கா, ஆறாங்கிளாஸா, ஏழா, என்றார், ஏழு என்று முனிரத்தினம் சொன்னார், சொல்லிவிட்டு ஒரு விநாடி யோசித்தார், ஏழுதானா. போன பொங்கலுக்கு வந்தபோது குமுதா ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், வெள்ளித் தம்ளர், வீட்டுக்கு யாராவது விருந்தாளி வந்தால் அலமாரியிலிருந்து எடுப்பார்களே அது, அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார், நீங்க எப்பப் போறீங்கப்பா, என்று அவள் கேட்டாள், கோபமாகவோ வருத்தமாகவோ இல்லை, சனிக்கிழமை சிநேகிதி வீட்டுக்குப் போக வேண்டும், அப்பா இருந்தால் அம்மா விடமாட்டாள், அதற்காகக் கேட்டாள். சம்பூரணம் கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர், அவள் வேலை மெட்ராஸ் எல்லையைத் தாண்டி வராது, விட்டுட்டு வான்னு நீங்களும் சொல்ல வேண்டாம், வரேன்னு நானும் பொய் சொல்ல மாட்டேன், என்று ஐம்பத்து மூன்றிலேயே சொல்லிவிட்டாள், அது நியாயம்தான், அவர் மறுக்கவில்லை, ஆனால் இந்த மாற்றல் சர்க்குலர் வந்ததும் அவர் எழுதிய கடிதத்துக்கு அவள் போட்ட பதில் ஒரு கார்டு, ஒரே வரி, இந்தத் தடவையும் நடக்கலைன்னா இனிமே வரேன் வரேன்னு குழந்தைக்கு எழுதாதீங்க.

காபி வரவழைத்தார் பெஞ்சலய்யா, கேன்டீன்காரன் அதே ஆள், தலை மட்டும் நரைத்திருந்தது, என்ன சார் நம்ம ஆபீஸுக்கே திரும்பிட்டீங்களா, என்று முனிரத்தினத்தைக் கேட்டான், வெளிநாட்டு ஆளுப்பா, நல்லா கவனி, என்றார் பெஞ்சலய்யா, சிரித்தார்கள், காபியில் சிக்கரி தூக்கலாக இருந்தது. நாற்பத்தொன்றில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளும் இந்தக் காபிதான், அப்போது பெஞ்சலய்யாவுக்கு முப்பத்தாறு வயது, காதில் கடுக்கன் போட்டிருந்தார், ஊட்டிக்குப் போன கதைகளைச் சொல்லுவார், கவர்னரும் கவுன்சிலும் வெயில் தாங்காமல் மலை ஏறிவிடுவார்களாம், அரசாங்கம் முழுவதும் மரப்பெட்டிகளில் பின்னாலேயே போகுமாம், பெட்டிக்குப் பெட்டி நம்பர், எங்கேயோ கடப்பையில் கிணறு வற்றிப்போச்சு, அனுமதி வேணும்னு தாசில்தார் எழுதின பேப்பர் மெட்ராஸுக்கு வந்து, மேட்டுப்பாளையம் போய், பல்சக்கர ரயில்ல மலையேறி, அங்க கம்பளி போர்த்திக்கிட்டு உக்காந்திருக்கற நான் அதுக்கு நோட் போட்டு, திரும்பி இறங்கறதுக்குள்ள கடப்பையில மழையே பேஞ்சுடும் நாயனா, என்று அவர் சொல்லும்போது செக்‌ஷனே சிரிக்கும், சூப்பரின்டென்டென்ட் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துவிட்டு அவரும் சிரிப்பார். அப்படி நடந்தது அந்த மாகாணத்தின் ஆட்சி, சிரிக்கத் தகுந்ததாகவும், சில கட்டுகளில் சிரிக்க முடியாததாகவும், தாது வருஷப் பஞ்சத்துக் கட்டு ஒன்றை முனிரத்தினம் ஒருமுறை பிரித்துப் பார்த்திருக்கிறார், கிராமம் கிராமமாகச் செத்தவர் எண்ணிக்கை, அழகான சாய்வெழுத்தில், ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது, எழுதிய குமாஸ்தா யாரோ, அவனுக்கும் எதிர் மேஜையில் ஒருவன் இருந்திருப்பான், அவர்களும் காபியோ கஞ்சியோ குடித்திருப்பார்கள்.

அந்த முதல் நாள் சர்வீஸ் ரிஜிஸ்டர் எழுதியது பெஞ்சலய்யாதான், புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவர்தான் எழுதுவார், கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும் என்பதால் அந்த வேலை அவரிடம் நிலைத்துவிட்டது, பெயர், தகப்பனார் பெயர், ஜாதி, உயரம், அங்க அடையாளம் இடது புருவத்துக்கு மேல் தழும்பு, பிறகு சொந்த ஊர், ஜில்லா. சொந்த ஊர்க் கட்டத்தில் திருத்தணி, சித்தூர் ஜில்லா என்று விழுந்தது. பிறந்த ஊரைச் சொந்த ஊராக எழுதிவிட்டார் பெஞ்சலய்யா, தாய்வீட்டில் பிறந்தவனின் ஊர் தகப்பன் ஊர்தான் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் எழுதிவிட்டார், இப்படித்தான் முனிரத்தினம் இத்தனை வருஷமாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு வந்தார், கர்நூலில் கூடாரத்தில் சொன்னார், ஹைதராபாத் மெஸ்ஸில் சொன்னார், சம்பூரணத்திடம் எத்தனை தடவை என்று கணக்கில்லை, சொல்லச் சொல்ல அந்தக் காட்சி வழுவழுப்பாகிவிட்டது, பேனா ஓடுகிறது, பெஞ்சலய்யா தலை நிமிர்வதில்லை, புது ஆள் எட்டிப் பார்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டு நிற்கிறான்.

பன்னிரண்டு வருஷம் அந்தக் கட்டத்தை யாரும் பார்க்கவில்லை. ஐம்பத்து மூன்றில் ஆந்திரா பிரிவது என்று ஆனதும் எல்லாருடைய ரிஜிஸ்டரையும் அலமாரியிலிருந்து இறக்கினார்கள், அந்தக் கட்டத்தில் வடக்கு ஜில்லா இருந்தால் வடக்கே, இல்லாவிட்டால் இங்கே, வேறு கேள்வி கிடையாது, பெயர் என்ன, வீட்டில் என்ன பாஷை, எதுவும் கிடையாது. அந்தக் கோடை முழுவதும் அவர்கள் இருவரும் இதே அறையில் தரையில் உட்கார்ந்து மாகாணத்தைப் பிரித்தார்கள், ஒரு கட்டை எடுப்பது, மேல்தாளைப் பார்ப்பது, குண்டூரா, அனந்தப்பூரா, சிவப்புச் சாக்குக்கட்டிக் கோடு, சேலமா, தஞ்சாவூரா, நீலச் சாக்குக்கட்டிக் கோடு, இரண்டுக்கும் பொதுவானவை நடுவில், நடுவில் சேர்ந்த குவியல்தான் உயரமாக வளர்ந்தது, கிருஷ்ணா ஜில்லாக் கால்வாயைப் பற்றிய காகிதத்துக்குள் காவேரி அணையைப் பற்றிய நோட் செருகியிருக்கும், அதைப் பிரித்தால் இது புரியாது, நூற்றைம்பது வருஷம் ஒரே நூலில் கோத்திருந்தார்கள், என்ன செய்வது, அப்படியே நகல் எடுத்தார்கள், முனிரத்தினம் டைப் அடித்தார், பெஞ்சலய்யா ஒப்பு நோக்கினார். அப்போதெல்லாம் பெஞ்சலய்யா தினமும் ஆந்திர ராஜ்யத்தைப் பற்றித்தான் பேசுவார், போராட்டத்தின்போது ஒரு நாள் சாப்பிடாமல் இருந்தவர், நம்ம பாஷையில நோட் போடணும் நாயனா, செத்துப்போறதுக்குள்ள ஒரு பேப்பராவது தெலுங்குல எழுதணும், என்பார், எழுதுங்க சார், எழுதி எங்களையெல்லாம் மறந்துடுங்க, என்பார் இவர், உன்னை மறந்தா எனக்கு டைப் யாரு அடிக்கறது, என்பார் அவர்.

பட்டியலை வராந்தாச் சுவரில் ஒட்டினார்கள், எல்லாரும் முண்டியடித்துக்கொண்டு பார்த்தார்கள், ஆந்திரா என்ற தலைப்பின் கீழ் பதினேழாவது பெயர் முனிரத்தினம், மெட்ராஸ் என்ற தலைப்பின் கீழ் பெஞ்சலய்யா, அவருடைய அம்மா முத்தியால்பேட்டைக்காரி, அவரும் தாய்வீட்டில்தான் பிறந்தார், அவருடைய ரிஜிஸ்டரில் சொந்த ஊர் மெட்ராஸ். இருவரும் அந்தச் சுவரின் முன்னால் வெகுநேரம் நின்றார்கள், பின்னாலிருந்து யாரோ, ரெண்டு பேரும் தலையை மாத்தி ஒட்டிக்கோங்கப்பா, என்று கத்தினான், எல்லாரும் சிரித்தார்கள், பரஸ்பரம் மாற்றிக்கொள்ள இருவரும் சேர்ந்து மனு எழுதினார்கள், பட்டியல் முடிவானது, மாற்றத்துக்கு இடமில்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது, செப்டம்பர் கடைசியில் சிவப்புக் கோடு போட்ட கட்டுகளோடு ரயிலேறினார் முனிரத்தினம், பெஞ்சலய்யா பிளாட்பாரத்தில் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார், நான் போக வேண்டிய வண்டி, என்று சொன்னார்.

கர்நூலில் தலைநகரம் கூடாரங்களில் இருந்தது, காற்றடித்தால் அரசாங்கமே புடைத்துப் புடைத்து அடங்கும், காகிதங்கள்மேல் துங்கபத்திரையிலிருந்து எடுத்துவந்த கூழாங்கற்களை வைத்திருந்தார்கள், மத்தியானத்தில் கல் சுடும், தாளும் சுடும், பக்கத்துக் கூடாரத்தில் ஒரு டெபுடி செகரெட்டரி தலைக்கு ஈரத்துண்டு போட்டுக்கொண்டு கையெழுத்துப் போடுவார். முனிரத்தினத்துக்குத் தெலுங்கு பேச வரும், திருத்தணிப் பக்கம் யாருக்குத்தான் வராது, எழுத வராது, ராத்திரி சாப்பாட்டுக்கு முன் ஸ்லேட்டில் அ, ஆ எழுதிப் பார்த்தார், முப்பத்தைந்து வயதில், கூடாரத்தில் இருந்த மற்றவர்கள் கேலி செய்யவில்லை, அவரவர்க்கு அவரவர் வீட்டு நினைப்பு. அங்கே உட்கார்ந்துதான் அந்தக் கடிதத்தை எழுதினார், அன்புள்ள சாருக்கு, என்னுடைய ரிஜிஸ்டரில் சொந்த ஊர் தவறாக எழுதப்பட்டுவிட்டது, எழுதியவர் நீங்கள் என்பதால், தவறு உங்களுடையது என்று நீங்களே ஒரு வாக்குமூலம் கொடுத்தால் அதைத் திருத்த முடியும் என்கிறார்கள், திருத்திவிட்டால் என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், குமுதாவுக்கு ஐந்து முடிந்து ஆறு நடக்கிறது. பத்து நாளில் வாக்குமூலம் வந்தது, அச்சுப் போன்ற அந்தக் கையெழுத்தில், மேற்படி நபரின் சொந்த ஊரை விசாரித்து அறியாமல் கவனக்குறைவாக நான் எழுதியது தவறு என்று இதன்மூலம் ஒப்புக்கொள்கிறேன். ரிஜிஸ்டரில் திருத்தணியின்மேல் ஒரு கோடு, அதன்மேல் அரக்கோணம், வடஆற்காடு, பக்கத்தில் சுருக்கொப்பம், எல்லாம் முறைப்படி நடந்தது, திருப்பி அனுப்பவில்லை, பங்கீடு செய்த தேதியில் இருந்த பதிவே செல்லும், பின்னால் செய்த திருத்தம் பங்கீட்டைப் பாதிக்காது, என்று எழுதிவிட்டார்கள். ஆனால் மெட்ராஸில் அந்த வாக்குமூலம் வேலை செய்தது, சர்வீஸ் ரிஜிஸ்டரில் தவறாகப் பதிந்ததற்காகப் பெஞ்சலய்யாவுக்குக் கண்டனம், அந்த வருஷம் அவருக்கு வர வேண்டிய சூப்பரின்டென்டென்ட் பதவி அவருக்கு அடுத்தவருக்குப் போயிற்று, அவரைப் பதிவறைக்கு மாற்றினார்கள், இதையெல்லாம் அவர் எழுதவில்லை, வேறொருவர் சொல்லித்தான் முனிரத்தினத்துக்குத் தெரிந்தது, அதற்குப் பிறகு இருவரும் தீபாவளிக்கு ஒரு கார்டு, உகாதிக்கு ஒரு கார்டு, அதோடு சரி.

ஐம்பத்தாறில் கர்நூலை மூட்டை கட்டி ஹைதராபாத் போனார்கள், கூடாரம் போய்க் கல்கட்டடம் வந்தது, உருதுவில் எழுதிய கட்டுகள் வந்தன, இன்னொரு அரசாங்கத்தின் பழைய காகிதங்கள், முனிரத்தினம் ஒதுங்கிப் போய்த் தன் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார், இந்தப் பிப்ரவரியில் அந்தச் சர்க்குலர் வந்தது, எல்லை மாற்றத்தில் மெட்ராஸுக்குச் சேரும் பகுதிகளைச் சொந்த ஊராகக் கொண்ட ஊழியர்கள் விரும்பினால் மெட்ராஸுக்குச் செல்லலாம். படித்ததும் அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தேவிட்டார், திருத்தணி, என்றார் உரக்க, பக்கத்து மேஜைக்காரர் ரிஜிஸ்டரைத் திறந்து காட்டினார், ஏமண்டி, உங்களுக்கு அரக்கோணம்னு இல்ல இருக்கு, அரக்கோணம் எங்க வந்தது, அது எப்பவுமே மெட்ராஸ்லதானே இருக்குது. கோடு போட்டு அடித்திருந்த திருத்தணி அந்தக் கோட்டுக்கு அடியில் தெளிவாகத் தெரிந்தது. அவர் கெஞ்சி வாங்கிய கோடு. திருத்தம் தவறு, முதலில் எழுதியதுதான் சரி என்று எழுதியவரே சொன்னால் பார்க்கலாம், என்றார் அங்கிருந்த அதிகாரி, நல்ல மனிதர், உதவத்தான் நினைத்தார்.

என்ன நாயனா, காபி ஆறிப்போச்சு, ஏடு கட்டிடுச்சு பாரு, என்றார் பெஞ்சலய்யா, முனிரத்தினம் ஒரே மூச்சில் குடித்தார், பெஞ்சலய்யா ஒரு பழைய நாடாவை எடுத்துச் சுருட்டிக்கொண்டே, பென்ஷன் பேப்பரெல்லாம் போயிருக்கு, ஒரு கண்டனம் இருக்கில்லையா, அதைப் பத்தி ஒரு கேள்வி கேட்டாங்க, அது பழசு, அதுக்கப்புறம் ஆறு வருஷம் ஒரு குத்தமும் இல்லைன்னு எழுதி அனுப்பிட்டேன், பரவாயில்ல, சுத்தமா வெளியே போயிடுவேன், என்று சொன்னார், குத்திக்காட்டுவது போலச் சொல்லவில்லை, மழை வரும்போலிருக்கிறது என்பதைப் போலச் சொன்னார், ஆனால் நாடாவைச் சுருட்டும் அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்த முனிரத்தினத்துக்கு அந்த முதல் நாள் சட்டென்று வேறு மாதிரி வந்தது, வழுவழுப்பு இல்லாமல், முனைகளோடு, பேனா ஓடவில்லை, நின்றிருந்தது, பெஞ்சலய்யா தலை நிமிர்ந்து பார்க்கிறார், கடுக்கன் மினுங்குகிறது, சொந்த ஊரு எதுப்பா, என்று கேட்கிறார், கேட்டார், கேட்கத்தான் செய்தார், இரண்டு தடவை கேட்டார், பக்கத்தில் மயிலாப்பூர்ப் பையன்கள் இரண்டு பேர் நிற்கிறார்கள், அவர்களும் அன்றுதான் சேர்ந்தவர்கள், ஒருவன் காலையில்தான், அரக்கோணமா, வண்டி மாத்தற ஊருதானே, இட்லி நல்லா இருக்கும், ஊருன்னு ஒண்ணு இருக்கா அங்கே, என்று சிரித்திருந்தான், கரி படிந்த ஊர், அப்பாவின் நீலச் சட்டை, சிக்னல் கம்பம், இருபத்து மூன்று வயது முனிரத்தினம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, திருத்தணி சார், என்கிறான், முருகன் கோவில் திருத்தணியா, பலே, என்கிறார் பெஞ்சலய்யா, அதுதான் சொந்த ஊரா, தகப்பனார் ஊரும் அதுதானா, என்று மறுபடியும் கேட்கிறார், ஆமா சார், அங்கேதான், என்கிறான், பேனா ஓடுகிறது.

இதை மறந்திருந்தாரா, மறைத்திருந்தாரா, அவருக்கே தெரியவில்லை, கர்நூலில் அந்தக் கடிதம் எழுதியபோது நினைவில் இருந்திருக்குமா, இருந்திருக்கும், ஒரு ஓரத்தில், கூழாங்கல்லுக்கு அடியில் தாள் இருப்பதைப்போல, ஆனால் எதிரில் உட்கார்ந்திருக்கும் இந்த மனிதருக்கு நிச்சயம் நினைவில் இருந்தது, கஞ்சம் கட்டு எந்த வருஷம் போயிற்று என்று சொல்லுகிறவருக்கு இது மறக்குமா, விசாரித்து அறியாமல் என்று எழுதும்போது விசாரித்தது அவருக்குத் தெரியும், தெரிந்தே எழுதினார். ஏன் சார் எழுதினீங்க, என்று முனிரத்தினம் கேட்டார், வாயிலிருந்து அதுதான் வந்தது, ரயிலில் தயார் செய்த வாக்கியம் வரவில்லை. எதை, என்றார் பெஞ்சலய்யா, ஐம்பத்து நாலுல, உங்க தப்புன்னு, நீங்க என்னை ரெண்டு தடவை கேட்டீங்க, நான்தான் சொன்னேன். பெஞ்சலய்யா நாடாவைச் சுருட்டி முடித்துப் பெட்டிக்குள் போட்டார், இப்பதான் ஞாபகம் வந்ததா உனக்கு, என்றார், பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, நான் இங்க உக்காந்து முத்தியால்பேட்டையில ராத்திரி சோறு தின்னுக்கிட்டிருந்தேன், நீ அங்க கூடாரத்துல, குழந்தையைப் பத்தி எழுதியிருந்தே, ஒரு வரிதானே, கொடுத்தா நீ வீடு வந்து சேருவேன்னு நினைச்சேன், வரலை, அது என் அதிர்ஷ்டம், விடு, என்றார்.

வெளியே ஹைகோர்ட் மணி பன்னிரண்டு அடித்தது, வராந்தாவில் செருப்புச் சத்தம் கூடியது, சாப்பாட்டு நேரம், நேர்மையான மனிதனாக இருந்தால் இப்போது எழுந்து கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டுவிட்டு, படிவத்தைக் கடலில் போட்டுவிட்டுப் பெரம்பூருக்குப் பஸ் ஏற வேண்டும் என்று முனிரத்தினம் நினைத்தார், அப்படிச் செய்கிற ஒருவனைக்கூட ஒரு கணம் பார்த்தார், படியிறங்கிப் போகிறான், முதுகு நேராக இருக்கிறது, பெரம்பூரில் கதவைத் தட்டுகிறான், கதவைத் திறக்கிற பெண்ணுக்கு இருபது வயது, யார் வேணும் உங்களுக்கு, என்கிறாள். முனிரத்தினம் எழுந்திருக்கவில்லை. என்ன விஷயமா வந்தே, சொல்லவே இல்லையே, என்றார் பெஞ்சலய்யா, சொல்லு நாயனா, என் கையில ஆகறதா இருந்தா செய்யறேன். முனிரத்தினம் சட்டைப்பையிலிருந்து படிவத்தை எடுத்தார், மேஜைமேல் வைத்துப் பிரித்தார், நான்கு மடிப்பும் வியர்வையில் ஒட்டியிருந்தன, அதன் பக்கத்தில் ரயிலிலேயே, டைப் அடித்த மாதிரி நிதானமாக எழுதிவைத்திருந்த வாசகத்தையும் வைத்தார், கையெழுத்துக்கு மட்டும் கீழே இடம் விட்டிருந்தது, பெஞ்சலய்யா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார், உதடு அசைய, ஒப்பு நோக்குகிறவர் படிப்பதைப் போல ஒவ்வொரு சொல்லாகப் படித்தார், நாற்பத்தொன்றில் நான் விசாரித்தே எழுதினேன், அப்போது எழுதியதே சரி, ஐம்பத்து நான்கில் நான் கொடுத்த வாக்குமூலம் உண்மையல்ல, என்ற வரிக்கு வந்ததும் நின்றார், மறுபடியும் முதலிலிருந்து படித்தார். இதுல இருக்கறது நிஜம்தான் சார், என்றார் முனிரத்தினம், தன் குரல் தனக்கே யாரோ பக்கத்து அறையில் பேசுவதுபோலக் கேட்டது, ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை, அப்ப எழுதிக் கொடுத்ததுதான் பொய், ஆனா சர்க்காருக்குப் பொய் எழுதிக் கொடுத்தீங்கன்னு ஆகும், மறுபடியும் கேள்வி வரும், உங்களுக்கு மூணு மாசம்தான் இருக்கு, எனக்கு எல்லாம் தெரியுது, தெரிஞ்சுதான் கேக்கறேன், வெள்ளிக்கிழமைக்குள்ள போகணும், இதுல ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார்.